சேர்மராஜின் வலது முழங்கால்

பங்குனி வெயிலில் தேரி மணல் சிவந்து காய்ந்து, முருங்கைத் தோட்டங்களில் காய்ப்பு இன்னும் முழுதாகத் தொடங்காமல், ஆட்கள் கொஞ்சம் கை ஓய்ந்திருக்கும் நாட்களில் ஒரு சாயங்காலம், செந்தேரிவிளை பஜாரில் மைக்செட் கடை வைத்திருந்த ராஜகனி கடைவாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, மைக்கை இரண்டு தட்டுத் தட்டி, அந்தந்த வருடம் கபடி லீக்கில் பாடிப்போகப்போகிற ரைடர்களை முதல் ஆளிலிருந்து கடைசி ஆள்வரை தரம் பிரித்துச் சொல்லுவாள். அவள் புருஷன் தங்கத்துரை தண்ணித்தொட்டி உச்சியில் கட்டிவைத்திருந்த குழாய் ஸ்பீக்கர்களில் அந்தக் குரல் ஊரின் எல்லா முடுக்குகளுக்கும் போகும்; உலையில் அரிசி போட்டவர்கள் அகப்பையோடு வாசலுக்கு வருவார்கள், கோயிலில் தீபாராதனைக்கு நின்றவர்கள் ஒரு காதைச் சாமிக்கும் ஒரு காதை ராஜகனிக்கும் கொடுத்து நிற்பார்கள், சவரக்கடை மாடக்கண்ணு பாதித் தாடியோடு ஆளை உட்காரவைத்துவிட்டுத் தெருவுக்கு வந்துவிடுவார். சுற்றுவட்டாரத்தில் எந்த ஊரில் மேட்ச் நடந்தாலும் வர்ணனை சொல்ல அவளைத்தான் கூப்பிடுவார்கள் என்பதால், எந்த டீமில் எவன் மூச்சு நீளம், எவனுக்குக் கணுக்கால் பலவீனம், எவன் அடிபட்டதை மறைத்து ஆடுகிறான் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. சொந்த ஊர்க்காரன் என்றோ சொந்தக்காரன் என்றோ அவள் யாரையும் ஒரு படி கூட்டியதுமில்லை, குறைத்ததுமில்லை.

"முதல் ஆள் நம்ம சேர்மராஜ். நம்ம ஊருங்கிறதுக்காகச் சொல்லல. எதிர்ல ஏழு பேரு நின்னாலும் போவான், ரெண்டு பேரு நின்னாலும் போவான், ரெண்டுக்கும் ஒரே நிதானம். ரெண்டாவது கூடங்கரை காளீசன். கால் நீளம், போனஸ் கோடு அவனுக்கு வீட்டு வாசப்படி மாதிரி. ஆனா கடைசிப் பத்து நிமிசம் மூச்சு எளைக்கும், அதைத் தெரிஞ்சுக்கிட்டு எடுங்க," என்று தொடங்கி, நடு வரிசைக்காரர்களைக் கடந்து, யாரும் எதிர்பார்க்காத ஒரு புதுப்பையனை ஐந்தாவதாக வைத்து ஊரைத் திகைக்கவைத்து, கடைசியில் குரலைச் சற்று இறக்கி, "கடைசி ஆள் மணக்காட்டுப் பொன்னிலிங்கம். நல்ல மனுசன். வயசாயிருச்சு," என்று அந்த வருடம் முடித்தாள்.

அவள் முடித்ததும் ஊர் வரிசையில் வந்து நிற்கும். ஒவ்வொருவரும் எட்டு ஊர் ஆட்டக்காரர்களிலிருந்தும் தனக்குப் பிடித்த ஏழு பேரைப் பொறுக்கி மனதிலேயே ஒரு டீம் கட்டிக்கொள்ளலாம். அதற்கு மனசு டீம் என்று பெயர். அந்த ஏழு பேர் களத்தில் எடுக்கும் புள்ளிகள் அவர் கணக்கில் சேரும்; அவர்களில் ஒருவன் தலை ரைடர். அவன் களத்தில் எடுக்கும் ஒவ்வொரு புள்ளியும் அவனைத் தேர்ந்தெடுத்தவருக்கு இரண்டாக வரும். தலை ரைடரை மட்டும் மைக்கில் வாய்விட்டுச் சொல்லவேண்டும். "மாடக்கண்ணு. தலை ரைடர் சேர்மராஜ்." "மருந்துக்கடை ஜெபசிங். தலை ரைடர் சேர்மராஜ்." சொன்னது சொன்னதுதான், சீசன் முடிகிறவரை மாற்றமுடியாது, தொடங்கிய பிறகு புதிதாகச் சேரவும் முடியாது என்பது ராஜகனி வைத்த சட்டம். அந்த வருடம் ஊரில் பாதிக்குமேல் சேர்மராஜின் பெயரைச் சொன்னது. ராஜகனியும் அவனையே சொன்னாள்.

சொல்லாமல் இருந்தவர்களில் ஒருத்தி சேர்மராஜின் அம்மா இசக்கியம்மாள். முருங்கைத் தோட்டத்தில் காய் ஒடிக்கப் போகிறவள். பிள்ளை பெயரைக் குழாய் வழியாக ஊர் முழுக்கத் தானே கூவினால் கண்பட்டுவிடும் என்று பயந்து, வரிசை நின்ற பக்கமே அவள் வரவில்லை.

முதல் மேட்சிலேயே அது நடந்தது. கூடங்கரை ஆட்கள் சேர்மராஜை மடக்கியபோது ஒருவனுடைய முட்டி அவன் உதட்டில் பட்டுக் கிழிந்தது. அதே நேரத்தில், களத்துக்கு இரண்டு மைல் தள்ளி, சவரக்கடையில் கத்தி தீட்டிக்கொண்டிருந்த மாடக்கண்ணு உதட்டைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். மருந்துக்கடை ஜெபசிங் கண்ணாடியில் வாயைப் பார்த்தார். பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர் விசிலை வாயில் வைக்கமுடியாமல் கையால் தட்டி வண்டியை எடுக்கச் சொன்னார். யார் உதட்டிலும் காயமில்லை, ரத்தமில்லை, சுண்டிவிட்டதுபோல ஒரு வலி மட்டும். சேர்மராஜ் உதட்டைப் புறங்கையால் துடைத்துவிட்டு மறுபடி பாடிப்போனான். அவனுக்கும் அவ்வளவுதான் வலித்தது.

அடுத்த மேட்சில் அவன் சுண்டுவிரல் பிசகியபோது ஊர் இதைப் புரிந்துகொண்டது. தலை ரைடராக யார் பெயரைச் சொன்னோமோ அவன் வலியில் ஒரு பங்கு நமக்கு வரும். எத்தனை பேர் சொன்னார்களோ அவர்களோடு ஆட்டக்காரனையும் சேர்த்து அத்தனை கூறாக அது பிரியும். மிஞ்சிய ஒரு கூறுதான் ஆட்டக்காரனுக்கு. இது எப்படி ஆனது என்று யோசித்து நேரத்தை வீணாக்க அந்த ஊரில் யாரும் தயாராக இல்லை. வந்துவிட்டது, இனி எப்படிச் சமாளிப்பது என்றுதான் பேசினார்கள். மேட்ச் நடக்கும் சாயங்காலங்களில் கொதிக்கிற எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் நிற்கக்கூடாது என்று பலகாரக்கடைக்காரர் முடிவுசெய்தார். மாடக்கண்ணு அந்த நேரத்தில் கத்தியை எடுப்பதை நிறுத்தினார். பனையேறுகிறவர்கள் மேட்ச் முடிந்த பிறகே ஏறினார்கள். ஜெபசிங் கடையில் தைலம் தீர்ந்து, மறுபடி வந்து, மறுபடி தீர்ந்தது. கல்யாணத் தேதி குறிப்பவர்கள் பஞ்சாங்கத்தோடு லீக் அட்டவணையையும் பார்த்துக் குறித்தார்கள், தாலி கட்டும்போது மாப்பிள்ளை விலாவைப் பிடித்துக்கொண்டால் நன்றாக இருக்காது என்று.

கொஞ்ச நாளில் அதில் ஒரு பெருமையும் வந்து சேர்ந்தது. காலையில் டீக்கடையில் ஒருவர் தோளைத் தேய்த்துக்கொண்டே, "ராத்திரி பையன் சரியாத் தூங்கல போலிருக்கு," என்பார். எதிரில் இருப்பவர் தன் தோளையும் தொட்டுப்பார்த்து, "ஆமா, இடது பக்கம் படுத்துட்டான்," என்பார். சேர்மராஜோடு ஒருநாளும் பேசியிராதவர்களுக்கும் அவனுடைய பின்கழுத்து வலிக்கும் நேரம் தெரிந்திருந்தது. கோயிலில் அவன் பெயருக்கு அர்ச்சனை செய்தவர்கள் தங்கள் நட்சத்திரத்தையும் சேர்த்துச் சொன்னார்கள், எல்லாம் ஒரே உடம்புதானே என்று.

சேர்மராஜ் அந்த சீசனில் ஆடியதுபோல யாரும் ஆடி அந்த வட்டாரம் பார்த்ததில்லை. எதிராளிகள் சங்கிலியாகக் கைகோத்து நிற்கும் மூலைக்குள் நேராக நுழைந்தான். இடுப்பைப் பிடித்தவர்களை இழுத்துக்கொண்டே நடுக்கோட்டுக்கு வந்தான். தூக்கி எறிந்தால் சிரித்துக்கொண்டே எழுந்தான். அடி என்பது அவனுக்குக் கொசு உட்கார்ந்து எழுவதுபோல ஆகிவிட்டது. இருபத்திரண்டு வயதில் ஒருவனுக்கு உடம்பு நோகவில்லை என்றால் அவன் வேறென்ன செய்வான்?

இதற்கிடையே ஒருநாள் மத்தியானம் மணக்காட்டுப் பொன்னிலிங்கம் ராஜகனியின் கடைக்கு வந்தான். வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தான்.

"யக்கா, என் பேரை ஒருத்தரும் சொல்லலையா?"

"இல்லய்யா."

"ஒரே ஒருத்தர்கூட?"

ராஜகனி ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். "கடைசியில வச்சிருந்தேன். அதனால யாரும் எடுக்கல."

"எனக்கும் அடி விழுதுக்கா. சேர்மராஜுக்கு விழுற அதே அடி. அவன் எழுந்து சிரிக்கான், நான் ராத்திரி பூரா சுவத்துல சாஞ்சு உக்காந்திருக்கேன். உங்க வரிசையில என்னை ரெண்டு படி மேல ஏத்தக்கூடாதா? பாயிண்ட்டுக்காக இல்ல. யாராவது ரெண்டு பேரு எடுத்தா தோள் கொஞ்சம் ஆறும்."

"பொய்யா ஏத்தச் சொல்லுதியா? இனி சீசன் முடியிறவரை யாரும் மாத்தவும் முடியாது."

பொன்னிலிங்கம் அவள் கொடுத்த மோரைக் குடித்தான், சொம்பைக் கீழே வைக்கக் குனிந்தபோது முகம் சுளித்தான், போய்விட்டான். நான் வரிசை சொன்னது ஆட்டத்துக்குத்தானே, வலியைப் பங்குவைக்கவா சொன்னேன் என்று ராஜகனி அன்று தங்கத்துரையிடம் இரண்டு மூன்று தடவை கேட்டாள். அவரும் ஒவ்வொரு தடவையும், "நீ என்ன செய்வ," என்றார்.

அதற்கு அடுத்த வாரம் இசக்கியம்மாள் வந்தாள். தோட்டத்திலிருந்து நேராக வந்திருந்தாள், தலையில் சும்மாடு அப்படியே இருந்தது.

"ராஜகனி, என் பேரையும் சேத்துக்கோ."

"சீசன் நடந்துக்கிட்டிருக்கு யக்கா. இப்பச் சேர முடியாது."

"எம்பிள்ளைக்கு முதுகு வலிக்குன்னு கண்டக்டர் சொல்லி நான் தெரிஞ்சுக்கணுமா? நேத்து பலகாரக்கடைக்காரர் பொண்டாட்டி வந்து, 'உங்க மகனுக்கு ஒத்தடம் குடுங்க, எனக்கு இடுப்புல குத்துது'ன்னு சொல்லிட்டுப் போறா. அவன்கிட்டக் கேட்டா ஒண்ணுமில்லைங்கான். ஊருக்கெல்லாம் தெரியுது, பெத்தவளுக்கு ஒரு எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்லை. நான் என்ன கல்லா?"

"கண்ணுபடும்னு நீங்கதான் வரலை."

"அப்பப் பயந்தேன். இப்பக் கேக்கேன்."

ராஜகனி மைக்கைப் பார்த்தாள். ஒருத்தருக்காகச் சட்டத்தைத் தளர்த்தினால் நாளைக்கு வலி தாங்கமுடியாதவர்களெல்லாம் விலக்கச் சொல்லி வருவார்கள் என்று நினைத்தாள். "முடியாது யக்கா," என்றாள். இசக்கியம்மாள் சும்மாட்டை எடுத்து உதறி முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு இருவரும் தெருவில் பார்த்தால் பேசிக்கொள்வதில்லை.

அரையிறுதி செந்தேரிவிளை மண்ணிலேயே நடந்தது. சுற்றிலும் உடைமரங்களில் ஏறி நின்றும் டிராக்டர்களில் நின்றும் ஜனம் பார்த்தது. இரண்டாம் பாதியில் சேர்மராஜ் கோட்டைத் தொட நீட்டிய வலது காலை எதிர் மூலைக்காரன் கட்டிப்பிடித்துத் திருப்ப, அவன் மேல் இன்னும் மூன்று பேர் விழுந்தார்கள். மைக்கில் பேசிக்கொண்டிருந்த ராஜகனிக்கு வலது முழங்காலுக்குள் ஊசி குத்தியதுபோல இருந்தது. வார்த்தையை நிறுத்திவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தாள். அவன் பெயரைச் சொன்ன அத்தனை பேரும், டிராக்டரில் நின்றவர்களும், தரையில் உட்கார்ந்திருந்தவர்களும், பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தவர்களும், குனிந்து வலது முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை பேருக்குப் பிரித்த பிறகும் ஊசிக்குத்து என்றால் அது மொத்தமாக எவ்வளவு என்று அவள் மனதுக்குள் கணக்குப் போட்டாள்.

"பயிற்சியாளர் கவனத்துக்கு. சேர்மராஜை உக்கார வைங்க. காலைப் பாருங்க. தேவசகாயம் மாஸ்டர், தயவுசெஞ்சு பையனை வெளிய எடுங்க," என்று அவள் மைக்கிலேயே சொன்னாள். வர்ணனைக்காரி இப்படிச் சொல்வது வழக்கமில்லை என்பதால் கூட்டம் கூச்சல் போட்டது. "ஆடட்டும்! ஆடட்டும்!" என்றார்கள், முழங்காலைத் தேய்த்துக்கொண்டே. தேவசகாயம் மாஸ்டர் சேர்மராஜைப் பார்த்து, என்னலே என்று கையால் கேட்டார். அவன் ஒண்ணுமில்லை என்று கையை ஆட்டிவிட்டு மறுபடியும் பாடிப்போனான், திரும்பி வந்தான், மறுபடியும் போனான். ஒவ்வொரு தடவை அவன் காலை ஊன்றியபோதும் ஊருக்குச் சுருக்கென்றது, ஒவ்வொரு தடவையும் ஊர் கைதட்டியது. செந்தேரிவிளை ஜெயித்தது. அவனைத் தோளில் தூக்கியவர்கள்தான் முதலில் பார்த்தார்கள், முழங்கால் தவலைப்பானைபோல வீங்கி, கீழ்க்கால் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு தொங்கியதை.

தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். உள்ளே பிய்ந்திருந்ததைத் தைத்து, கோணியிருந்ததை நிமிர்த்தி, காலை அசைக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிக் கட்டுப்போட்டார்கள். மறுநாள் காலையில் சேர்மராஜ் எழுந்து, பல் தேய்க்க, தாழ்வாரத்தின் கோடிவரை நடந்துபோனான். வலித்தால்தானே காலில் கட்டு இருப்பது நினைவுக்கு வரும். தையல் விட்டது, மறுபடி தைத்தார்கள். தூக்கத்தில் காலை மடக்கினான், மறுபடி விட்டது. உள்ளே சீழ் பிடித்தபோது அவனுக்குத் தெரியவில்லை. செந்தேரிவிளையில் அவன் பெயரைச் சொன்னவர்களுக்கெல்லாம் காலில் காந்தல் எடுத்தது, வெயில் என்று நினைத்துக்கொண்டார்கள். காய்ச்சல் ஏறிய பிறகே டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார்.

அவனைப் பார்க்கப் போயிருந்த ராஜகனியையும் உடனிருந்த இசக்கியம்மாளையும் டாக்டர் வெளியே அழைத்துப்போனார். அவர் பெண் டாக்டர், சின்ன வயதுதான், இரவெல்லாம் விழித்திருந்த முகம். ஊரில் நடப்பதை இசக்கியம்மாள் அவரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தாள், அவரும் அதை மற்ற நோய் விவரங்களைப்போலவே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா, நான் மறுபடி சுத்தம் பண்ணிக் கட்டிவிடுறேன். ஆனா இதுதான் கடைசி. எங்க நோகுதுன்னு அவன் சொன்னாத்தான் எனக்கு வழி தெரியும். நொந்தாத்தான் அவன் காலைப் பத்திரமா வச்சுக்குவான். அவனுக்கு வலிக்கணும். வலிக்கலைன்னா இந்தக் காலை எடுக்க வேண்டியதிருக்கும்."

இசக்கியம்மாள் ராஜகனியைப் பார்க்காமல் சொன்னாள், "ஊருக்குப் போய்ச் சொல்லு. எம்பிள்ளையை விட்ருங்கன்னு சொல்லு."

இறுதி ஆட்டம் இன்னும் நடக்காதிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ராஜகனி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். மைக்கைத் தட்டினாள். ஊர் வேலையை விட்டுவிட்டுக் கடைவாசலுக்கு வந்தது. வரிசையைத் திரும்பச் சொல்லப்போகிறேன் என்றாள். "முதல் ஆள் கூடங்கரை காளீசன்," என்று தொடங்கியபோது யாருக்கும் ஒன்றும் புரியவில்லை, ஒவ்வொரு பெயராகக் கீழே இறங்கி, "கடைசிக்கு முந்தின ஆள் மணக்காட்டுப் பொன்னிலிங்கம். கடைசி ஆள் செந்தேரிவிளை சேர்மராஜ். இனிமே அவன் ஆட மாட்டான்," என்று அவள் சொன்னதும் பஜாரில் சத்தம் எழுந்தது. டாக்டர் சொன்னதை அவள் அப்படியே சொன்னாள். சட்டத்தைத் தானே எடுத்துவிட்டதாகவும், எல்லோரும் வந்து அவனை விடவேண்டும் என்றும் சொன்னாள்.

"அவன் விழுந்து கிடக்கும்போது விடச் சொல்லுதியே, நீ மனுசியா?" என்று பலகாரக்கடைக்காரர் கேட்டார். "ஜெயிச்சப்ப அவன் வேணும், இப்ப வேண்டாமா?"

"நாம என்ன கெடுதல் பண்ணினோம்? அவன் பாரத்தைத்தானே சுமந்தோம்," என்றார் ஜெபசிங். அவர் கண் கலங்கியிருந்தது. "மொத்த வலியையும் ஒத்தைப் பையன் தலையில இறக்கணுமா?"

மாடக்கண்ணுதான் மெதுவாக எழுந்தார். "அன்னைக்கு மேட்ச்ல எனக்குக் குத்துச்சு," என்றார். "உங்களுக்கும் குத்துச்சு. அவனுக்குத் தாங்கமுடியாம வலிச்சிருந்தா அவனே உக்காந்திருப்பான். நாம எடுத்துக்கிட்டோம். எடுத்துக்கிட்டுக் கைதட்டுனோம்."

விட விட, மிச்சமிருப்பவர்களின் பங்கு ஏறும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாரும் ஏற்பாடு செய்யாமலே பிள்ளைத்தாச்சிகளும் நோயாளிகளும் வயசாளிகளும் வரிசையின் முன்னால் வந்தார்கள், உடம்பில் திடமுள்ளவர்கள் பின்னால் போனார்கள். ஒவ்வொருவராக மைக்கில் தன் பெயரைச் சொல்லி, "சேர்மராஜை விட்டுட்டேன்," என்றார்கள். சிலர் அதைச் சொல்லிவிட்டுக் கும்பிட்டார்கள். ஒருத்தி, "விட்டுட்டேன் ராசா, தப்பா நினைக்காத," என்றாள். விட்டவர்கள் சிலர் அங்கேயே நின்று, "தலை ரைடர் பொன்னிலிங்கம்," என்றும் சொன்னார்கள். தோள் வலி இறங்கி, மணக்காட்டில் அன்று பொன்னிலிங்கம் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் பாயில் சாய்ந்தவன் மறுநாள் விடிந்துதான் எழுந்தான் என்று பின்னால் கேள்விப்பட்டார்கள்.

தூத்துக்குடியில் இசக்கியம்மாள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் அவன் புருவம் நெளிந்தது. பிறகு பேசிக்கொண்டிருந்ததை நிறுத்தினான். காலை நகர்த்தப்போய், நகர்த்தாமல் வைத்துக்கொண்டான். நெற்றியில் வேர்வை பூத்து, சொட்டி, வழிந்தது. கட்டில் கம்பியை ஒரு கையால் பிடித்தான், பிறகு இரண்டு கையாலும் பிடித்தான்.

செந்தேரிவிளையில் வரிசை குறையக் குறைய, நின்றவர்கள் நிற்கமுடியாமல் தரையில் உட்கார்ந்தார்கள். உப்பு மூட்டை தூக்குகிறவர்கள், கிணறு வெட்டுகிறவர்கள், கண்டக்டர், தேவசகாயம் மாஸ்டர் என்று கடைசியில் இருந்தவர்களை மற்றவர்கள் தாங்கிப்பிடித்து மைக்குக்குக் கொண்டுவந்தார்கள். மாஸ்டர் சேர்மராஜ் பெயரோடு இரண்டு முறை நின்றுவிட்டார், ராஜகனி காத்திருந்தாள், மூன்றாம் முறையில் சொல்லி முடித்தார். பிறகு அவள் மட்டும் மிஞ்சினாள்.

பாதி வலி அவளிடம் வந்தது. ஸ்டூலிலிருந்து சரிந்து மண்ணில் உட்கார்ந்தாள். தங்கத்துரை மைக்கைக் கழற்றி அவள் வாய்க்கு நேராகப் பிடித்தார். எத்தனையோ மேட்சுகளில் ஒரு தடவைகூடத் தடுமாறாத அந்தக் குரலுக்குப் பதிலாகத் தண்ணித்தொட்டி ஸ்பீக்கர்களில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. இழுத்து இழுத்து வந்த அந்த மூச்சு முடுக்குகளிலும், முருங்கைத் தோட்டங்களிலும், ஆளில்லாத கபடிக் களத்திலும் கேட்டது. இந்தப் பாதியை நானே வைத்துக்கொள்கிறேனே, பையனுக்குப் பாதி போதுமே என்று அவளுக்கு ஒரு நினைப்பு ஓடியது. அப்புறம் இசக்கியம்மாள் சும்மாட்டை உதறி முகத்தைத் துடைத்தது நினைவுக்கு வந்தது.

"ராஜகனி," என்றாள். "சேர்மராஜை விட்டுட்டேன்."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் சேர்மராஜ் தலையைத் திருப்பி, அந்த சீசன் முழுக்க ஒண்ணுமில்லை ஒண்ணுமில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்த வாயால், "அம்மா," என்றான். "வலிக்குதும்மா. ரொம்ப வலிக்குதும்மா." பெரிய குரலில் அழுதான், தாழ்வாரத்தில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். இசக்கியம்மாள் அவன் தலையை எடுத்துத் தன் நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். எங்கே வலிக்கிறது என்று கேட்டாள். அவன் சொன்னான். எப்படி வலிக்கிறது என்று கேட்டாள். அதையும் சொன்னான். டாக்டர் வந்து, இதோ இங்கேயா, இங்கேயா என்று விரலால் தொட்டுக் கேட்டபோது ஒவ்வொன்றுக்கும் கத்தினான். "சரி, இனி பாத்துக்கலாம்," என்றார் டாக்டர். வலிக்கு மருந்து கொடுத்தார், பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை.

கால் தப்பியது. ஆனால் அது பழைய கால் இல்லை. மாதக்கணக்கில் அவன் அதை ஒவ்வொரு விரற்கடையாக மடக்கப் பழகினான். பழக்கிவிட வந்த பெண்ணைத் திட்டினான், மன்னிப்புக் கேட்டான், மறுபடி திட்டினான். இனி கபடி கிடையாது என்று டாக்டர் சொன்ன அன்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். இசக்கியம்மாள் கட்டிலுக்குக் கீழே பாயைப் போட்டுப் படுத்திருந்தாள். அவனுக்கு அந்த வலி எப்படி இருந்தது என்று அவளால் அறியமுடியவில்லை. அவன் சொன்னதை மட்டும் கேட்டுக்கொண்டாள்.

ஐப்பசி மழை ஓய்ந்திருந்த ஒரு பிற்பகலில் அவர்கள் ஊருக்கு வந்தார்கள். கண்டக்டர் விசிலடிக்காமல் இறங்கி வந்து, கைகொடுத்து அவனை இறக்கிவிட்டார். கையில் ஊன்றுகோல். வலது காலைத் தூக்கிவைக்கும்போது இடுப்பு சற்றுத் திரும்பியது. கடைகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள். அவன் காலை ஊன்றியதும் பழக்கத்தில் எல்லோரும் தங்கள் முழங்காலைக் கவனித்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. அவன் முகத்தைப் பார்த்தார்கள், அதிலிருந்தும் ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை.

மாடக்கண்ணு முன்னால் வந்தார். என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று தெரியாதவர்போலத் தொண்டையைச் செருமினார்.

"வலிக்குதாலே?"

"எறங்கும்போது வலிச்சது. இப்பப் பரவாயில்ல."

அடுத்து ஜெபசிங் கேட்டார். அடுத்து பலகாரக்கடைக்காரரும் பெண்டாட்டியும் கேட்டார்கள். கேட்டதையே திரும்பக் கேட்கிறோமே என்று யாரும் கூச்சப்படவில்லை. ஒவ்வொருவரும் தானே கேட்டு, தன் காதால் பதிலை வாங்கிக்கொண்டார்கள். மழைக்காலத்தில் எப்படி இருக்கு, படி ஏற முடியுதா, தூக்கம் வருதா என்று கேட்டார்கள். சேர்மராஜ் எல்லோருக்கும் நின்று நின்று பதில் சொன்னான். தேவசகாயம் மாஸ்டர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். பஜாரைக் கடப்பதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது.

மைக்செட் கடை வாசலில் ராஜகனி நின்றிருந்தாள். இசக்கியம்மாள் அவளைப் பார்த்து, "வந்துட்டோம் ராஜகனி," என்றாள். அவ்வளவு நாளைக்குப் பிறகு முகத்தைப் பார்த்து அவள் பேசியது அதுதான். ராஜகனி தலையாட்டினாள். சேர்மராஜைப் பார்த்தாள், அவன் உட்கார வாசலில் கிடந்த ஸ்பீக்கர் பெட்டியைத் துடைத்தாள்.

அவன் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, அந்தப் பெட்டியின்மேல் மெதுவாக உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டான்.

"அத்தை, அன்னைக்குக் கடைசியா நீங்கதான் இருந்தீங்களாமே. கண்டக்டர் சொன்னாரு. உங்களுக்கு ரொம்ப வலிச்சுதா?"

அதுவரை அவளிடம் யாரும் இதைக் கேட்டிருக்கவில்லை. ராஜகனி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமாய்யா," என்றாள். "ரொம்ப வலிச்சுது."

"எனக்கும்," என்றான் சேர்மராஜ்.